மொத்த எடை

எங்கள் தொழிலில் ஒரு ஆளின் எடையை யாரும் கேட்பதில்லை. மொத்த எடையைத்தான் கேட்போம். பறப்பவர், அவர் உட்காரும் ஹார்னஸ், அவசரத்துக்கான பாராசூட், தலைக்கவசம், சட்டைப்பையில் கடலைமிட்டாய் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் தராசில் ஏற்றினால் வரும் ஒரே எண். இறக்கைக்குத் தெரிவது அந்த எண் மட்டும்தான். அறுபதிலிருந்து எண்பது கிலோ வரை ஸ்மால், எழுபத்தைந்திலிருந்து தொண்ணூற்றைந்து வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். சட்டை வாங்குகிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். இறக்கை பெரிதாகிவிட்டால் காற்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டியிருக்கும்.

என் பெயர் நந்தகோபால். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற சாலையில் ஒரு பட்டறையில் பாராகிளைடர், அதாவது ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் துணி இறக்கை, வடிவமைக்கிறேன். ஒருவர் மட்டும் பறப்பது, அதிலும் கற்றுக்குட்டிக்கும் போட்டிக்காரனுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கான ரகம். இருப்பதிலேயே தொல்லை பிடித்த ரகம் இதுதான். கற்றுக்குட்டி பயந்து பறப்பான். போட்டிக்காரன் தெரிந்து பறப்பான். நடுவில் இருப்பவன் தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் பறப்பான். ஆஸ்பத்திரியில் கால் தூக்கிக் கட்டிப் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இவர்கள்தான்.

இவர்களுக்காகத்தான் முகில் என்ற இறக்கையைச் செய்தோம். பாராகிளைடருக்கு இடம் வலமாக இரண்டு பிரேக் பிடிகள் உண்டு. இழுத்தால் இறக்கையின் பின்விளிம்பு அந்தப் பக்கம் தாழும், வேகம் குறையும், திரும்பும். முகிலில் அந்தக் கயிறுகளோடு இரண்டு சின்ன மோட்டார்களைக் கோத்தோம். ஒரு நல்ல பைலட் இரண்டு வருடம் அதில் பறந்தார். அவர் கை எப்போது எவ்வளவு இழுத்தது, எப்போது விட்டது என்பதை இறக்கை கற்றுக்கொண்டது. வாங்கிப் பறப்பவர் பதறினாலோ தாமதித்தாலோ, அந்தப் பைலட்டின் கை செய்திருக்கக்கூடியதை மோட்டார் செய்யும். விளம்பரத்தில் கைநினைவு என்று பெயர் போட்டோம். அந்தக் கை ஈஸ்வரமூர்த்தியுடையது.

ஈஸ்வரமூர்த்தி எனக்கு ஆறு வயது இளையவர். அறுநூற்று நாற்பது மணி நேரம் முகிலில் பறந்துவிட்டு, அது கடைக்கு வருவதற்கு முன்பே செத்துப்போனார். கணையத்தில் புற்றுநோய். பங்குனியில் கடைசியாகப் பறந்தார், மூன்று வாரத்தில் எடுத்துக்கொண்டு போனோம். ஒரு மாதத்தில் ஆளை முடித்துவிட்டதே என்று பட்டறையே சொல்லிச் சொல்லி மாய்ந்தது. நானும் சொன்னேன்.

அது நடந்து இரண்டு வருடம். இன்றைக்கு இருநூற்றுப் பத்து முகில்கள் பறக்கின்றன. எழுதியவர்களெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் எழுதினார்கள்: மென்மை. முரட்டுக் காற்றிலும் பதறாமல், நாம் உணர்வதற்கு முன்பே சின்னதாகத் தொட்டுச் சரிசெய்கிறது என்று பாராட்டினார்கள். கூடவே ஒரு பேய்க்கதையும் கிளம்பியது. தரையிறங்கப் போகும்போது வலது கை கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுகிறதாம். ‘அண்ணன் கையை விடறாரு’ என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். வயதான ஒருவர் ஈஸ்வரமூர்த்திக்குப் பரிகாரம் செய்யச் சொல்லி எனக்கே போன் செய்தார். காற்றையும் கயிற்றையும் நம்பிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முதலில் ஒழுங்காக உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

மீடியம் ரகத்தில் பறப்பவர்கள் கனமானவர்கள். வலது பக்கம் தளர்ந்தால் இறக்கை லேசாக இடப்பக்கம் ஒதுங்கும், அவர்களே சரிசெய்துகொள்வார்கள், கீழே வந்து கதை பேசுவார்கள். இந்த வருடம் தை மாதம் ஸ்மால் ரகம் வெளியிட்டோம். சின்ன இறக்கை சட்டென்று திரும்பும். மாசி மாதத்தில் ஷெரின் என்ற பெண், மொத்த எடை அறுபத்தெட்டு கிலோ, தரைக்குப் பக்கத்தில் வைத்து இடப்பக்கம் சுற்றி வரப்பில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

பார்க்கப் போனேன். காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“காத்து ஏதாச்சும் தூக்குச்சாம்மா?” என்று கேட்டேன்.

“காத்தே இல்லீங்ணா. நல்லாத்தான் வந்துட்டிருந்தேன். யாரோ பக்கத்துல இருந்துட்டு, ஒரு வேலை இருக்குது இரு வந்தர்றேன்னு கையை எடுத்தாப்புல இருந்துச்சு. வலது பக்கம் மட்டும். நான் இழுத்தா அது விடுது, நான் இழுத்தா அது விடுது.”

“எவ்வளவு நேரம்?”

“விழற வரைக்கும். விழுந்து கிடக்கறேன், இறக்கை மேல வந்து மூடிக்கிச்சு. அப்ப திரும்ப வந்து பிடிச்சுதுங்ணா. மெதுவா. மன்னிப்புக் கேக்கற மாதிரி.”

பட்டறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ஈஸ்வரமூர்த்தியின் பறப்புப் பதிவுகளை முதலிலிருந்து திறந்தேன். கைப்பதிவுகளை நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஹார்னஸ் கொக்கியில் எடை அளக்கும் கருவி ஒன்று உண்டு, அதை மேலே கிளம்பும்போது மட்டும் பார்ப்போம், பிறகு யாரும் சீண்டுவதில்லை. அன்றைக்குத்தான் இறங்கும் நேரத்துப் பதிவைப் பார்த்தேன்.

சோதனை என்றால் அந்த ரகத்தின் உச்ச எடையில் பறக்க வேண்டும். மீடியத்துக்குத் தொண்ணூற்றைந்து. ஈஸ்வரமூர்த்தி எழுபத்திரண்டு கிலோ, சாமான் இருபது. குறைகிற மூன்று கிலோவுக்கு இருக்கைக்கு அடியில் ஒரு பையில் மூன்று லிட்டர் தண்ணீர். எல்லாரும் செய்வதுதான். தண்ணீரோடு இறங்கினால் முழங்கால் தாங்காது. அதனால் தரைக்கு அறுபது மீட்டர் இருக்கும்போது வலது பிரேக்கை விட்டுவிட்டுக் கீழே கைவிட்டுப் பையின் குழாயைத் திறப்பார். மூன்று லிட்டர் ஓட எட்டு செகண்டு. அந்த எட்டு செகண்டும் இடுப்பை வலப்பக்கம் சாய்த்து இறக்கையை நேராக வைத்துக்கொள்வார். இறக்கை கவனித்தது கையை மட்டும்தான், இடுப்பை அல்ல. அது பாதியைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பேய் அவ்வளவுதான் என்று சிரித்துக்கொண்டே அடுத்தடுத்த மாதங்களைத் திறந்தேன்.

ஐப்பசியில் எட்டு செகண்டு பதினொன்றாகியது. கார்த்திகையில் பதினாறு. தையில் இருபத்தெட்டு. பங்குனியில் கடைசி நாள் நாற்பத்தொரு செகண்டு, கொக்கி எடை தொண்ணூற்றைந்திலிருந்து எண்பதுக்கு இறங்கியது. பதினைந்து லிட்டர்.

பதினைந்து லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது என்றால் பன்னிரண்டு கிலோ ஈஸ்வரமூர்த்தி இல்லாமல் போயிருக்கிறார். ஒவ்வொரு நாளும் காலையில் குன்றடிவாரத்தில் தராசு வைத்து, மொத்த எடை 95, சரி, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஐந்து மாதம். ஆள் கரைந்த அளவுக்குத் தண்ணீர் ஏறியது, எண் மாறவேயில்லை. ஒருநாள் அவர் கன்னத்தைப் பார்த்து, “இளைச்சதும் பத்து வயசு குறைஞ்சிருச்சய்யா, என்ன ரகசியம்?” என்று கேட்டதுகூட நினைவிருக்கிறது. “சோத்தைக் குறைச்சிட்டேனுங்” என்று சிரித்தார்.

இன்னொன்றும் புரிந்தது, அதுதான் அதிகம் வலித்தது. முதல் வருடத்தில் அவர் கை வலுவானது. கொஞ்சம் காத்திருந்து அழுத்தி இழுக்கும். ஐப்பசிக்குப் பிறகு முன்னதாகவே, சின்னச் சின்னதாகத் தொடுகிறது. அழுத்தி இழுக்கத் தெம்பு இல்லாதவர் வேறு எப்படிப் பறப்பார்? ஊரே பாராட்டிய மென்மை அவருடைய நோய்.

முதலாளி குப்புராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“அந்தத் தண்ணி சமாச்சாரத்தை மட்டும் கத்தரிச்சுப் போட முடியாதாய்யா?”

“கொழம்புல கலந்த உப்புங்க அது. தனியா எடுக்க முடியாது. எடுத்தா அந்த அஞ்சு மாசத்தையும் மொத்தமா எடுக்கணும்.”

“எடுத்தா?”

“அதுக்கு முந்தின கை மட்டும் நிக்கும். அது போட்டிக்காரன் கை. முகிலை நடு ரகம்னு விக்க முடியாது.”

“அப்ப அறுபது மீட்டருக்குக் கீழ மோட்டாரை நிறுத்திப்புடு. முடிஞ்சுது.”

“தரைகிட்டத்தான் கால் உடையுது, அங்கதான் காப்பாத்துவோம்னு சொல்லி வித்தோம். சரி, நிறுத்துனாலும் மேல இருக்கறது சீக்காளி கைங்க. பலமா இழுத்தே ஆகணும்னு ஒரு நாள் வரும். அந்தக் கைக்கு அது தெரியாது.”

குப்புராஜ் மேசை மேல் இருந்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கைநினைவைப் பயன்படுத்த இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தின் சம்மதம் வேண்டும். இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. “முதல்ல அந்த டீச்சரம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா. தண்ணியப் பத்திப் பேசாத. மத்ததை அப்புறம் பாக்கலாம்” என்றார்.

சனிக்கிழமை காலை உடுமலைக்குப் போனேன். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி தமயந்தி அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாவுக்கு அழுதபோது பார்த்தது, அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. துக்கம் என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்த விதத்திலேயே கோபம் என்று தெரிந்தது. மேசை முழுக்கப் பரீட்சைத் தாள்கள். ஒதுக்கிவிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுங்ணா. ரெண்டு வருஷமாக் கேக்கணும்னு இருக்குது.”

“கேளுங்க டீச்சர்.”

“ஸ்மால் சைஸுக்கு ஆள் வேணும்னு அவரை எடை குறைக்கச் சொன்னது யாரு? நீங்களா, உங்க முதலாளியா?”

எனக்கு எதுவும் புரியவில்லை. அவரே சொன்னார்.

“தீபாவளி அன்னிக்கு ஒரு அதிரசத்தைக்கூடத் தொடல. கம்பெனில சின்ன சைஸு பண்றாங்க, அதுக்கு நான் இறங்கியாகணும்னாரு. அப்புறம் தினமும் அரைச் சோறு. ராத்திரிக்கு வெறும் மோரு. நான் சண்டை போட்டேன். துணிக்காக மனுசன் பட்டினி கிடப்பானான்னு கேட்டேன். கோபாலண்ணன் சொல்லிட்டாரு, தட்ட முடியாதும்பாரு.”

ஈஸ்வரமூர்த்தி எங்கள் இருவரையும் தராசின் இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கிறார். வீட்டில் இளைப்புக்குக் காரணம் கம்பெனி. கம்பெனியில் இளைப்பே தெரியாதபடி தண்ணீர். ஸ்மாலை நாங்கள் ஈஸ்வரமூர்த்தியை வைத்துச் சோதிக்க நினைத்ததே கிடையாது. மீடியத்தை அளவு குறைத்துக் கணக்கில் செய்ததுதான் அது.

இல்லை, நாங்கள் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், என் தலை தப்பும். ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம், உங்கள் வீட்டுக்காரர் ஐந்து மாதம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார் என்பது. செத்துப்போன ஆளின் கடைசிக் காலத்தை அவர் மனைவியிடமிருந்து நான் பிடுங்க வேண்டும்.

“ஆமாங்க டீச்சர். நான்தான் சொன்னேன்” என்றேன்.

தமயந்தி எழுந்து உள்ளே போய் ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். ஸ்கேன் ரிப்போர்ட். தேதி, தீபாவளிக்கு ஆறு நாள் முந்தையது.

“அவரு பறக்கற ஜாக்கெட்டுக்குள்ள இருந்துச்சுங்ணா. பதினாறாம் நாள் துவைக்க எடுத்தேன்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். தெரிஞ்சும் உங்க மேலதான் கோவப்பட்டேன். உங்க மேல கோவப்பட்டுட்டே இருந்தா அவரு மேல பட வேண்டியதில்ல பாருங்க.” ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி மடித்தார். “நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க, திட்டி அனுப்பிரலாம்னு பார்த்தேன். இப்படி ஆமான்னுட்டீங்களே. இனி நான் யார்கிட்டச் சண்டை போடறது?”

குப்புராஜ் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தேன். மேலே மொத்த எடை, ஐந்து மாதமும் நேர்கோடு. கீழே தண்ணீர், ஏறிக்கொண்டே போகும் கோடு. கணக்கு டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார், இறங்கிக்கொண்டே போனது. அது ஈஸ்வரமூர்த்தி.

“இது எல்லாமே அந்த இறக்கைக்குத் தெரியுமா?”

“எடை தெரியும். கை தளர்ந்தது தெரியும். அதைத்தான் கத்துக்கிட்டு எல்லாரையும் பறக்க வெச்சிட்டிருக்குது. ஒரு பொண்ணு விழுந்துருச்சுங்க. அதை அழிச்சா முகிலே போயிரும். அழிக்கலைன்னா...”

“பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியாதது ஒரு துணிக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு, “ஏனுங்ணா, அவருக்கு எதுக்கு இது? படுத்து ஓய்வெடுத்திருந்தா இன்னும் ஒரு ஆறு மாசம்...”

“ஆள் மாறுனா கைநினைவை முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷம் வீணாயிரும்னு நினைச்சிருப்பாரு. உங்ககிட்டச் சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க.”

“விட்டிருக்க மாட்டேன்தான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கையை நான் பிடிச்சுப் பாக்கலாமுங்களா?”

மத்தியானம் பட்டறையில் யாரும் இல்லை. ஹார்னஸில் உட்கார்ந்து சரிபார்க்க உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட ஒரு சட்டம் உண்டு. மோட்டார்களைப் பிரேக் பிடிகளோடு அதில் மாட்டினால், பதிவில் உள்ளபடியே பிடிகள் அசையும். தமயந்தியை உட்காரவைத்துப் பட்டைகளைக் கட்டினேன். புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார். கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கின.

“எந்த நாள் வேணும்?”

“கடைசி நாள்.”

இருபத்திரண்டு நிமிடம். ஓடவிட்டேன். பிடிகள் அவர் கைகளை மெல்ல இழுத்தன, விட்டன, மறுபடி இழுத்தன. முதலில் அவர் கைகள் விறைப்பாக இருந்தன. இரண்டு நிமிடத்தில் தளர்ந்து அதன் போக்கில் போகத் தொடங்கின. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“இவ்வளவு லேசா” என்றார் ஒருதடவை. “அவரு என்ற கையைப் பிடிச்சா எலும்பு வலிக்குமுங்ணா. எத்தனை தடவை திட்டியிருப்பேன்.”

இருபதாவது நிமிடம் தாண்டியதும் வலது பிடி தளர்ந்தது. நான் முன்னதாகச் சொல்லியிருந்தேன், இருந்தும் திடுக்கிட்டார். கயிற்றில் உயிரில்லை. இடது பிடி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பத்து செகண்டு. இருபது. திரும்பிப் பார்த்தேன். தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு, இடுப்பை வலப்பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இடுப்பைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. நாற்பத்தொன்றில் வலது பிடி திரும்பி வந்தது.

இறங்கும் கடைசி நொடியில் இரண்டு பிரேக்கையும் ஒன்றாக ஆழமாக இழுக்க வேண்டும். பிடிகள் பாதி இறங்கி நின்றன. நடுங்கின. கொஞ்சம் மேலே போய் மறுபடி இறங்கின, இந்தத் தடவை முழுதாக. இதை நான் பதிவில் பார்த்திருக்கிறேன், அளவுக் கருவியின் குளறுபடி என்று விட்டுவிட்டேன்.

“முதல் தடவை முடியல பாருங்க அவருக்கு” என்றார் தமயந்தி. “வீட்டுல சோறு பிசையறப்ப இப்படித்தான் நிறுத்துவாரு. பசி இல்லைம்பாரு.”

மோட்டார் நின்றது.

“அழிச்சிருங்ணா.”

“அஞ்சு மாசமும்?”

“அஞ்சு மாசமும். முந்தின கை இருக்கட்டும், அது எனக்குத் தெரிஞ்ச கை. இது எங்கிட்டக்கூட ஒளிச்சு வெச்ச கை. இதைக் கொண்டுபோய் யாரு யாரோ பிடிச்சுப் பறக்க வேண்டாம். இன்னொரு பொண்ணு விழவும் வேண்டாம்.”

இருநூற்றுப் பத்துப் பேருக்கும் இறக்கையைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுத வேண்டும். குப்புராஜ் குதிப்பார். முகில் என்ற ஒன்று இனி இருக்காது, அநேகமாக எனக்கு இங்கே வேலையும் இருக்காது. ஐப்பசி முதல் பங்குனி வரை தேர்ந்தெடுத்தேன். நூற்றுப் பதினேழு பறப்புகள். கம்ப்யூட்டர் நிச்சயமாகவா என்று கேட்டது. நகல்களையும் சேர்த்தா என்று இன்னொரு தடவை கேட்டது. இரண்டுக்கும் ஆமாம் என்று தட்டினேன். தட்டும்போது அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

“முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுதுங்க டீச்சர். இறங்கிக்கலாம்.”

பட்டைகளை அவிழ்க்கக் கிட்டே போனேன். தமயந்தி தலையசைத்து வேண்டாம் என்றார். எதுவும் இழுக்காத அந்த இரண்டு பிடிகளையும் அவர் இன்னும் விடவில்லை.